வன்னி வீதியோரம் விலங்குத் தடம் பார்க்க வருவோர் கேட்கும் கேள்விகள்

வன்னியில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியிலும் அதிலிருந்து பிரியும் வீதிகளிலும் விலங்குகளின் காலடிகளையும் மற்ற அடையாளங்களையும் பதிவு செய்யும் ஒரு சிறிய தொண்டர் குழுவில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள், அவர்களை அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மாமார், தேத்தண்ணிக் கடையில் மறித்துக் கதைப்பவர்கள் என்று எல்லாரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

றோட்டுக்கரையில நடந்து அப்பிடி என்னத்தைத் தேடுறியள்?

ஒரு வீதித் துண்டைத் தேர்ந்தெடுத்து, விடிந்த கையோடு இரண்டு கரையாலும் நடந்து பார்க்கிறோம். மண்ணில் பதிந்த காலடி, யானை இலத்தி, மான் புழுக்கை, உதிர்ந்த முள்ளம்பன்றி முள், மரத்தில் உரசிய சேறு, பன்றி கிண்டிய இடம், வீதிக்கு அடியால் தண்ணி போகும் மதகுக்குள் போய் வந்த தடம், வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கும் உடல் எல்லாமே எங்களுக்கு வேண்டும். கண்ட இடம், நேரம், படம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்கிறோம்.

ஓமந்தை தாண்டியதும் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஏ9 நெடுகக் காடும் குளமும் வயலும் மாறி மாறி வரும். பல இடங்களில் காடு ஒரு பக்கம், தண்ணி மறுபக்கம். கோடையில் தாகமெடுத்த விலங்கு வீதியைக் கடந்துதான் ஆக வேண்டும். அது எந்த இடத்தில் கடக்கிறது என்பதைத்தான் தேடுகிறோம்.

அடிபட்டுச் செத்ததை எண்ணினாலே காணும்தானே? அது எல்லாருக்கும் தெரியுதே.

காணாது. உடல் கிடக்கும் இடம், விலங்கு கடக்க முடியாமல் போன இடம். உயிரோடு கடந்த இடத்தைக் காலடிதான் சொல்லும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்தாது. மதகுக்கு அடியில் தடம் நிறைய, மேலே வீதியில் உடல் ஒன்றும் இல்லை என்றால் அந்த மதகு நன்றாக வேலை செய்கிறது. நாளைக்கு வீதியை அகலமாக்கும்போது அதைக் குழாய் போட்டு மூடிவிடக் கூடாது என்று சொல்ல நமக்கு ஆதாரம் கிடைக்கிறது. உடலும் இல்லை, தடமும் இல்லை என்றால் அதையும் நல்ல செய்தி என்று எடுத்துவிட முடியாது. விலங்குகள் அந்த இடத்தில் கடப்பதையே கைவிட்டிருக்கலாம்.

இன்னொன்று, உடல்கள் நெடுநேரம் கிடப்பதில்லை. காகம், நாய், நரி எல்லாம் விடியவே வந்துவிடும். தவளையும் சின்னப் பாம்பும் மதியத்துக்குள் தாரோடு தாராகிவிடும். வாகனத்தில் இருந்து பார்த்துக்கொண்டு போகிறவருக்கு மாடும் நாயும் மட்டுமே தெரியும். அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் சின்ன உயிர்கள் சாகவே இல்லை என்றாகிவிடும்.

எனக்கு மிருகங்களைப் பற்றி ஒண்டும் தெரியாது. வரலாமோ?

தாராளமாக வரலாம். விலங்கின் பெயர் தெரிவதை விடப் பொறுமையாக நிலத்தைப் பார்க்கும் பழக்கம்தான் முக்கியம். வயலுக்கும் காட்டுக்கும் போய் வளர்ந்த பிள்ளைகள் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். மாடு தேடிப் போன ஐயாமாருக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை. பெயர் தெரியாத தடத்துக்குத் ‘தெரியவில்லை’ என்று எழுதிப் படம் எடுத்தால் போதும். ஊகித்து எழுதிய ‘சிறுத்தை’ என்ற ஒரு சொல் முழுப் பதிவுத் தாளையும் கெடுத்துவிடும்.

நாயின்ர காலடியையும் சிறுத்தையின்ரயையும் எப்பிடி வித்தியாசம் பிடிக்கிறது?

இலங்கையில் ஓநாயும் இல்லை, செந்நாயும் இல்லை, வரிப்புலியும் இல்லை. அதனால் வேலை பாதி குறைந்துவிட்டது. நாய் இனத்தில் காட்டில் இருப்பது நரி மட்டும். பூனை இனத்தில் நாலு: சிறுத்தை, கொடுப்புலி என்ற மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை.

நாய்க்கும் பூனைக்கும் நாலு விரல்தான் பதியும். முதலில் நகத்தைப் பாருங்கள். நாய், நரியின் தடத்தில் விரலுக்கு முன்னால் நகப் புள்ளி தெரியும். பூனை நகத்தை உள்ளே இழுத்து நடப்பதால் தெரியாது. வழுக்கும் சேற்றில் மட்டும் சில வேளை பூனையும் நகத்தை ஊன்றும். அப்புறம் உள்ளங்கால். பூனைகளில் அது அகலமாக, பின்விளிம்பில் மூன்று வளைவுகளோடு இருக்கும். நாய்க்கு அது விரல்களோடு பார்க்கச் சின்னதாக, முக்கோணம் போல் பதியும். மொத்தத் தடமும் பூனைக்கு வட்டம், நரிக்கு ஒடுங்கிய நீளம். வளர்ந்த சிறுத்தையின் முன்னங்கால் தடம் ஏறக்குறைய 7 முதல் 9 சென்ரிமீற்றர் அகலம் வரும். ஊர் நாய் பெரிதானால் அதுவும் அந்த அளவுக்குக் கிட்ட வரும், ஆகவே அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கரடியின் தடம் கண்டால் மறக்க மாட்டீர்கள். ஐந்து விரலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கும், முன்னங்காலில் நகங்கள் விரலிலிருந்து நன்றாகத் தள்ளிக் குத்தியிருக்கும், பின்னங்கால் மனிதக் காலடி போலவே இருக்கும். கீரியும் மரநாயும் ஐந்து விரல் பதிக்கும், ஆனால் அவை மிகச் சின்னவை.

மான், மரை, பன்றி, மாடு எல்லாத்துக்கும் குளம்புதானே, எப்பிடிப் பிரிக்கிறது?

பன்றிக் குளம்பின் முனை மழுங்கலாக இருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குளம்பு இரண்டு, கொஞ்சம் வெளியே தள்ளிக் குத்தும். மானுக்கு முனை கூர். மென்மையான மண்ணில் ஓடினால் தவிர பின்குளம்பு தெரியாது. மரை அதே வடிவில் பெரிது. மாட்டுத் தடமும் எருமைத் தடமும் அகன்று உருண்டிருக்கும். கட்டாக்காலி மாடு நிறைந்த இடத்தில் குளம்புத் தடத்தை நம்பாமல் பக்கத்தில் புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். அது ஐயத்தைத் தீர்க்கும்.

யானைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம். முன்னங்கால் வட்டம், பின்னங்கால் நீள்வட்டம். ஆகவே எதை அளக்கிறோம் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் நூலைச் சுற்ற வேண்டும்.

காபெட் றோட்டில காலடி எங்க பதியப் போகுது?

தார்க் காபெட்டில் பதியாது, அதன் ஓரத்தில் பதியும். கிரவல் கரையில் கற்களுக்கு இடையில் ஒதுங்கியிருக்கும் புழுதி, கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவு, மண் பாதை வந்து சேரும் முடுக்கு, மதகடி. இந்த நாலிலும் மதகடிதான் என் விருப்பம்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் ஒரு மதகைச் சொல்கிறேன். தை மாதம், தண்ணி வடிந்து அடியில் ஒரு விரல் தடிப்புக்குக் களி படிந்திருந்தது. ஓரங்கள் காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிட்டன, நடு இன்னும் ஈரம். அதில் நரி ஒன்று ஒற்றை வரிசையாக நேரே நடந்து போயிருந்தது. நரித் தடத்தில் ஒன்றின் மேல் கீரியின் ஐந்து விரல் ஏறியிருந்தது, ஆகவே கீரி பிந்தி வந்தது. சுவரோடு ஒட்டி, நகம் பதியாத வட்டத் தடங்கள் வேறு. சிறுத்தைக்குச் சின்னது, வீட்டுப் பூனைக்குப் பெரிது. சுவர்க்கரை ஈரத்தில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. கொடுப்புலியா காட்டுப்பூனையா என்று அந்தத் தடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ‘நடுத்தரப் பூனை’ என்றே எழுதினோம். நாங்கள் குனிந்து அளந்த நேரம் முழுவதும் தலைக்கு மேல் டிப்பர்கள் போய்க்கொண்டிருந்தன. மேலே வீதியில் நின்று பார்த்தால் அங்கே ஒரு விலங்கும் இல்லை என்றுதான் சொல்வீர்கள்.

காலடியே இல்லாத இடத்தில் மற்ற அடையாளங்கள் உதவும். வைகாசி, ஆனி மாதங்களில் பாலை பழுக்கும். அப்போது கரடியின் மலம் முழுக்கப் பாலை விதையாக இருக்கும். சிறுத்தை மலத்தில் மயிரும் எலும்புத் துண்டும் தெரியும், பழசானால் வெளுக்கும். மரநாய் கல்லின் மேலும் மதகுக் கட்டிலும் விதையோடு மலம் விட்டுப் போகும். உடும்பு நடந்தால் நடுவில் வால் இழுத்த கோடு, இரு பக்கமும் மாறி மாறிக் கால். நட்சத்திர ஆமைக்கு இரண்டு வரிசைக் குட்டிக் குழிகள்.

எந்த மாதம் நல்லது? எத்தினை மணிக்கு வரவேணும்?

மாரி ஓய்ந்து மண் இறுகும் தை, மாசி மாதங்கள்தான் தடத்துக்கு நல்ல காலம். கோடையில் புழுதியில் நன்றாகப் பதியும், ஆனால் சோளகக் காற்று எழும்பினால் பத்து மணிக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை இரவுகளில் தவளைகள் கூட்டமாகக் கடக்கும், அவற்றோடு பாம்பும் வரும். அடுத்த நாள் விடியவே போனால் அந்தச் சாவுகளைப் பதியலாம்.

நேரம் விடிந்து கண் தெரிந்த பிறகு. வெயில் சரிவாக விழும்போது தடத்தின் விளிம்பு நிழல் போட்டு எடுத்துக் காட்டும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டோடு நடக்க மாட்டோம், யாருக்காகவும்.

பழைய தடமோ புதுத் தடமோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?

விளிம்பு கூராக இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா? தடத்துக்குள் சருகு விழுந்திருக்கிறதா, எறும்பு வழி போட்டிருக்கிறதா? மழைத்துளிக் குழிகள் தடத்துக்கு உள்ளேயும் இருந்தால் அது மழைக்கு முந்தியது. உள்ளே இல்லாமல் சுற்றிவர மட்டும் இருந்தால் மழைக்குப் பிந்தியது. ரயர் தடம் மேலேயா கீழேயா என்பதும் ஒரு கணக்கு. ஆனால் மணிக்கணக்கில் சொல்ல முயலாதீர்கள். ‘நேற்று மழைக்குப் பின்’ என்பது போல் நிச்சயமானதை மட்டும் எழுதினால் போதும்.

ஒரே இடத்தில் தொடர்ந்து பார்ப்பதென்றால் நிலத்தைப் பின்னேரம் பலகையால் இழுத்து மட்டப்படுத்திவிட்டு விடியப் போய்ப் பார்க்கலாம். அதில் இருப்பதெல்லாம் அந்த இரவுக்குரியது, ஐயத்துக்கு இடமில்லை.

என்ன கொண்டு வரவேணும்? படம் போனில எடுத்தால் போதுமோ?

போதும். தடத்துக்கு நேர் மேலே நின்று, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து எடுங்கள். சரித்து எடுத்தால் அளவு பொய்யாகும். பிறகு தள்ளி நின்று, வீதியும் மரமும் தெரிய இன்னொன்று. ஒரே விலங்கின் நாலைந்து காலடி வரிசையாக இருந்தால் அந்த வரிசையையும் எடுங்கள், நடை தெரியும். போனில் இட அமைவு இயங்குகிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, தண்ணி, தொப்பி, வாகனச் சாரதிக்குத் தூரத்திலேயே தெரியும் நிறத்தில் மேலங்கி. வீட்டுக்குப் போனதும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா பாருங்கள்.

முழுக்க நடந்தும் ஒண்டும் கிடைக்காட்டி அந்த நாள் வீண்தானே?

வீணே இல்லை. தயவுசெய்து தாளில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதித் தாருங்கள். கிடைத்த நாளை மட்டும் பதிந்தால் விலங்குகள் நாளும் கடப்பதாகத் தோன்றும். வெறும் நாள்களும் இருந்தால்தான் எந்த மாதம் கடக்கின்றன, எந்த மாதம் இல்லை என்று பிரிக்க முடியும். எங்களிடம் வந்து இடையில் விட்டுப்போனவர்களில் பலர் இந்த வெறும் நாள்களால் சலித்தவர்கள். அந்தத் தாள்கள் எங்களுக்கு எவ்வளவு வேண்டியவை என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் இங்கே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெடியளை றோட்டுக்கரையில விடப் பயமா இருக்கு. டிப்பர் ஓடுற ஓட்டம் தெரியும்தானே?

பயம் நியாயமானது. இந்த வேலையில் யானையை விட டிப்பரும் ஹயஸ் வானும்தான் ஆபத்து. எதிரே வரும் வாகனம் முகத்துக்கு நேரே தெரியும் பக்கமாகத்தான் நடப்போம். இருவருக்குக் குறைந்து நடப்பதில்லை. ஒருவர் நிலத்தைப் பார்த்தால் மற்றவர் வீதியைப் பார்க்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது. காதில் பாட்டு வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வீட்டில் ஒரு பெரியவர் கூட வர வேண்டும். அவர்களுக்கு ஏ9 இல்லை, உள்வீதிகள்தான் தருவோம்.

தொடருந்துப் பாதையில் நடக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் தொடருந்து ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையிலும் விலங்குகள் அடிபடுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

மிதிவெடி இருக்குமே? காலடி பார்த்துக்கொண்டு காட்டுக்குள்ள இறங்கினால்?

இறங்கக் கூடாது. தடம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், சனம் நாளும் நடக்கும் இடத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது. சிறுத்தை உள்ளே போனால் போகட்டும், கரையில் நின்று ‘கிழக்கே போனது’ என்று எழுதினால் பதிவு முழுமையானதுதான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புக் கட்டை, நாடா எதைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் நினைக்காதீர்கள். மழை வெள்ளம் பொருள்களை நகர்த்தும், ஆகவே மாரிக்குப் பிறகு மதகடியில் இறங்குமுன் மேலிருந்து நன்றாகப் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொட வேண்டாம். நின்ற இடத்திலிருந்து வந்த வழியே திரும்பிக் கிராம சேவகருக்கோ பொலிசின் 119 இலக்கத்துக்கோ சொல்லுங்கள்.

யானை நிண்டால் என்ன செய்யிறது?

புது இலத்தி, இப்போது முறித்த கொப்பு, ஈரம் காயாத தடம் இதில் எது கண்டாலும் அன்றைய நடை முடிந்தது. வாகனத்துக்குத் திரும்பி வேறு நாள் வருவோம். யானையைக் கண்டால் கிட்டப் போவதோ, கத்துவதோ, படம் எடுக்க நிற்பதோ கிடையாது. வீதிக்குக் கிட்ட நின்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

இதுக்கு அனுமதி எடுக்க வேணுமோ?

பொது வீதிக் கரையில் நடக்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் புறப்படுமுன் கிராம சேவகருக்கும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் சொல்லிவிடுகிறோம். வன்னியில் விடியற்காலையில் நிலத்தைக் குனிந்து படம் எடுப்பவர்களைக் கண்டால் ஆட்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். இராணுவ முகாம் இருக்கும் துண்டுகளைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. மடு வீதி, சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எந்த ஆய்வும் செய்யக் கூடாது.

அடிபட்டுக் கிடக்கிறதைத் தொடலாமோ? முள்ளு, கொம்பு எடுத்துக்கொண்டு போகலாமோ?

வெறும் கையால் தொடாதீர்கள். நாய், நரி, கீரி, மரநாய் என்றால் விசர்நாய்க்கடி நோயை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு கிடந்தால் இன்னும் தள்ளி நின்று 1992க்குச் சொல்லுங்கள். பாம்பு செத்தது போல் கிடந்தாலும் குச்சியால் கிளற வேண்டாம், கொடிய நஞ்சுள்ள கண்ணாடிப் புடையனாக இருக்கலாம்.

எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடலுறுப்பை வைத்திருப்பது குற்றம். படம் எடுத்தால் போதும்.

சுருக்குக் கம்பி கண்டால் சொல்ல வேணுமோ? அது எங்கட ஊர்ச் சனத்தைக் காட்டிக் குடுக்கிறதெல்லோ?

இதற்கு முகத்துக்கு நேரே பதில் சொல்வேன். பன்றிக்குப் போட்ட சுருக்கில் சிறுத்தையும் மானும் மாடும் விழுகின்றன. நூல் தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு மனிதரையும் கொல்லும், விறகு எடுக்கப் போகிறவரும் ஊர்ச் சனம்தான். ஆகவே இடத்தைத் திணைக்களத்துக்குச் சொல்கிறோம். யார் போட்டது என்று நாங்கள் தேடுவதும் இல்லை, ஊகித்து எழுதுவதும் இல்லை. நீங்களே அதைக் கழற்ற முயலாதீர்கள், முக்கியமாகக் கட்டுத்துவக்கின் நூல் எங்கே போகிறதென்று தெரியாது.

நல்ல படம் கிடைச்சால் பேஸ்புக்கில போடலாமோ?

நரி, மயில், பன்றி என்றால் போடுங்கள். அழுங்கு என்ற எறும்புதின்னி, நட்சத்திர ஆமை, சிறுத்தை என்றால் இடம் தெரியும் எதையும் போடாதீர்கள், பின்னால் தெரியும் கிலோமீற்றர் கல்லும் மதகு இலக்கமும் கூட இடம் காட்டும். நட்சத்திர ஆமையைக் கடத்துகிறவர்கள் இருப்பதால்தான் 2019இல் அதன் சர்வதேச வணிகத்தை முற்றாகத் தடுத்தார்கள். நாம் ஆசையாகப் போட்ட படம் அவர்களுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது.

யானையால எங்கட தோட்டம் அழியுது. நீங்கள் யானை றோட்டைக் கடக்க வழி தேடுறியளோ?

இதைக் கேட்டவர் ஒரு கச்சான் தோட்டக்காரர், கோபமாகத்தான் கேட்டார். அவர் இழந்ததை இந்தப் பக்கத்தில் எழுதி ஈடு செய்ய முடியாது. ஆனால் யானை எங்கே கடக்கிறது என்று தெரியாமல் போட்ட மின்வேலி, அதைப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திருப்பிவிடும். கடக்கும் இடமும் மாதமும் எழுத்தில் இருந்தால், வேலி எங்கே வேண்டும், எங்கே வழிவிட வேண்டும் என்று கிராமமே கேட்கலாம். அதனால் தோட்டக்காரர்களின் தகவலையும் எங்கள் தாளில் சேர்க்கிறோம். அந்த ஐயா சொன்ன இரண்டு இடமும் அதில் இருக்கின்றன.

இவ்வளவும் எழுதி ஆர் பார்க்கப் போகினம்? ஏதும் மாறுமோ?

உடனே மாறும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய வீதி வேலைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்பட்டால், அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும் என்று தேசிய சுற்றாடல் சட்டம் சொல்கிறது. அந்த 30 நாளுக்குள் புதிதாக ஒரு தடத்தையும் சேர்க்க முடியாது. முன்கூட்டியே இரண்டு மாரி, இரண்டு கோடை பார்த்த தாள் கையில் இருந்தால்தான் ‘இந்த மதகைப் பெரிதாக்குங்கள், தண்ணி ஓடும்போதும் விலங்கு நடக்க ஓரத்தில் ஒரு திட்டு விடுங்கள், இந்தத் துண்டில் கரைப் பற்றையை வெட்டிச் சாரதிக்குக் கண் தெரியச் செய்யுங்கள்’ என்று இடம் காட்டிக் கேட்கலாம். பொதுவாக ‘விலங்குகளைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் எந்தப் பொறியியலாளருக்கும் அதில் செய்ய ஒன்றும் இருக்காது.

நாங்கள் நெடுங்கேணிப் பக்கம். உங்கட ஆக்கள் அங்க இல்லை. நாங்களே தொடங்கலாமோ?

தொடங்குங்கள். புளியங்குளம் வீதியில் உங்களுக்குப் பழகிய 2 கிலோமீற்றரைப் பிடியுங்கள். காடு, வயல், மதகு மூன்றும் உள்ள துண்டாக இருந்தால் நல்லது. நடந்து போய் எல்லா மதகுக்கும் இலக்கம் போட்டு ஒரு கைவரைபடம் கீறுங்கள். பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, அதே நேரம், அதே பக்கத்தில் தொடங்கி நடக்க வேண்டும். ஆட்கள் மாறலாம், துண்டு மாறக் கூடாது. பார்த்த தடத்தைப் படம் எடுத்ததும் காலால் அழித்துவிடுங்கள், அடுத்த முறை இரண்டாம் தரம் எண்ணாமல் இருக்க. வீதி, மிதிவெடி, யானை பற்றி மேலே சொன்னவற்றை முதல் நாளே எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். தாளின் மாதிரியை நாங்கள் தருவோம், முதல் இரண்டு நடைக்கு எங்களில் ஒருவர் கூட வருவார்.